உயிர்ச்சரக்கு

மீனாட்சிபுரம் எடைமேடை. காலை ஏழே முக்கால்.
பல்லடத்திலிருந்து வந்த கோழி லாரி
மேடையில் ஏறி நிற்கிறது.
எண் நிற்கவில்லை.
ஏழாயிரத்து நானூற்று இருபது, நாற்பது,
மறுபடி இருபது.
உயிர்ச்சரக்கு அப்படித்தான்.
ஏதோ ஒரு கூண்டில் ஒன்று சிறகடித்தால்
சிவப்பு எண்களெல்லாம் எழுந்து உட்காரும்.

அச்சு எந்திரத்தின்மேல் சாய்த்துவைத்த கைப்பேசியில்
நஸ்ரின் குதித்துவிட்டாள்.
எண்ணூறு மீட்டர். மெதுவானவர்களுக்கான சுற்று.
எட்டாவது தடம்.
குதித்துவிட்டாள் என்பது என் ஊகம்.
அந்த நேரம் பார்த்து
கேரளத்துக்கு நல்வரவு என்றொரு குறுஞ்செய்தி
அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது.
நாளைக்கு நாற்பது முறை
இருந்த நாற்காலியிலேயே மாநிலம் மாறுகிறவன் நான்.

கேமராவுக்கு நான்காம் தடமும் ஐந்தாம் தடமும் போதும்.
மஞ்சள் தொப்பிக்காரியின் மூச்சுக் குமிழ்களைக்கூட
நீருக்கடியிலிருந்து காட்டினார்கள்.
என் தங்கை
திரையின் கீழ் விளிம்பில்
ஒரு முழங்கையாக வந்தாள்.
போனாள்.
வெகுநேரம் கழித்து மறுபடி ஒரு முழங்கை.
எடைச்சீட்டின் முதுகில் கோடு போட்டேன்,
நான்கு நேராக, குறுக்கே ஒன்று.
அந்த முழங்கையை எனக்குத் தெரியும்.
சைக்கிளிலிருந்து விழுந்து ஒட்டவைத்தது,
கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும்.
பயிற்சியாளர்கள் நான்கு பேர் திருத்திப் பார்த்துவிட்டு
அது அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

அவள் நீந்தப் பழகியது மூலத்தறைக் கால்வாயில்.
இரண்டு அரசாங்கங்கள்
கடிதம் எழுதி முடித்த பிறகுதான்
அதில் தண்ணீர் வரும்.
இத்தனை கனஅடி, இத்தனை நாள் என்று பேப்பரில் வந்தால்
அத்தாவுக்கு அது வயல் செய்தி,
அவளுக்குப் பயிற்சி அட்டவணை.
பேச்சுவார்த்தை முறிந்த வருடம்
கட்டிலில் குப்புறப் படுத்துக் கை வீசினாள்.
கொசுவலை இரண்டு முறை கிழிந்தது.

"சேட்டா, சீட்டு!"
சிஜோ கதவைத் தட்டுகிறான்.
வெயில் ஏறினால் கோழி சாகும்,
செத்தது யார் கணக்கு?
நியாயம்தான்.
பின்னால் நின்றவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.
திரும்பிப் பார்த்தால்
போட்டது பதினோராவது கோடா பன்னிரண்டாவதா
தெரியவில்லை.

மஞ்சள் தொப்பி சுவரைத் தொட்டது.
கைதட்டல், ஒரு கொடி, கண்ணைத் துடைக்கும் யாரோ ஒரு அம்மா.
அந்த இரைச்சலுக்கு அடியில்
திரைக்கு வெளியே எங்கோ
ஒரு மணி அடித்தது.
தடத்துக்கு ஒரு மணி உண்டு,
இன்னும் நூறு மீட்டர்தான் என்று சொல்ல.
மற்ற ஏழும் அடித்து ஓய்ந்திருந்தன.

சிஜோ ஜன்னலுக்குள் தலையை விட்டு
"இதில் யாரு உங்க ஆளு?" என்றான்.
இதில் இல்லை என்றேன்.

ஒன்பது நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி பூஜ்யம் எட்டு.
அவளுடைய பழைய நேரத்தைவிட
நூறில் முப்பத்தேழு பங்கு அதிகம்.
இந்த மேடையில் நாங்கள்
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிப்பதில்லை.

நாற்பது என்று எண் நின்ற ஒரு நொடியில்
சீட்டை அடித்துக் கொடுத்தேன்.
முதுகில் கோடுகளோடு போனது கோழி லாரி.

அரை மணி கழித்து அவள் செய்தி:
அண்ணே, கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்துருச்சு.
மூணாவது திரும்பல்ல இருந்து ஒண்ணும் தெரியல.
மணி கேட்டுத்தான் மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சது.
நீ பாத்தியா?

பார்த்தேன் என்று அனுப்பினேன்.
மணியும் கேட்டது என்று
இன்னொன்று அனுப்பினேன்.

அடுத்தது தேங்காய் லோடு.
ஏறியதும் எண் நின்றுவிட்டது.
சரியாகத்தான் இருக்கும்.
இருந்தாலும் டிரைவரைக் கூப்பிட்டு
ஒருமுறை இறங்கி ஏறச் சொன்னேன்.